சீமைச் சாமந்தியும் நம் ஆற்றங்கரைப் பூவும்

பரங்கிப்பேட்டையில் நான் ஆசிரியனாயிருந்த நாளில் செய்த பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒருநாள் வகுப்பை வெள்ளாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். வெண்ணிதழும் மஞ்சள் நடுவும் கொண்ட சிறு பூவொன்றைப் பறித்து, "இதுவே சீமைச் சாமந்தி, ஐரோப்பியர் கஷாயமிட்டுப் பருகுவது" என்றேன்.

மறுநாள் மாணவன் ஒருவன் மருந்துக் கடையிலிருந்து உலர்ந்த பூக்கள் சிலவற்றைக் கொணர்ந்தான். யூனானி வைத்தியர் 'பாபூனா' என வழங்கும் சீமைச் சாமந்தி அது. "ஐயா, இரண்டும் ஒன்றாயில்லையே!" என்றான். நான் காட்டிய பூவைக் காய்ச்சித் தன் பாட்டியாருக்குக் கொடுக்க வீட்டார் எண்ணியிருந்தனராம். கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

கடைப் பூவை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டையும் பேனாக்கத்தியால் நெடுக்கே அறுத்தோம். சீமைச் சாமந்தியின் நடுமேடு கூம்பாக எழுந்து, உள்ளே கூடாயிருந்தது. என் பூவிலோ கூடில்லை. ஓரத்து இதழ்களின் நுனியில் மும்மூன்று பற்கள் வேறு! அது வெட்டுக்காயப் பூண்டு. மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து, பஞ்சுமுடி கொண்ட விதைகளைக் காற்றில் பறக்கவிட்டு நம் நாடெங்கும் பரவியது. சீமைச் சாமந்தியின் விதைக்கு அத்தகைய பஞ்சில்லை. இலை நூலிழையாய்ப் பிரிந்திருக்கும். கசக்கினால் ஆப்பிள் மணம் வீசும். கிரேக்கர் அதற்குத் 'தரை ஆப்பிள்' என்றே பெயரிட்டனர். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் தானிய வயல்களில் அது களை. வட இந்தியாவில் பயிர். நம் கரையில் அது தானாய் முளைத்து நான் கண்டதில்லை.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் இவ்விரண்டுக்கும் பெயருண்டு. அதே நூலில் நம்மூர்ச் செடி மூன்றாவதொன்றும் இருக்கிறது. அறுவடையான ஈரவயலில் மஞ்சள் பொத்தான்போல் பூக்கும் மாசிபத்திரிதான் அது. அதன் பெயரில் மதராசப்பட்டணமே 'மேடராஸ்பட்டானா' என லத்தீன் உருவில் நிற்கிறது! இந்தக் கரையின் செடிகள் அவ்வளவு தொலைவு சென்றது எவ்வாறு? 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரவுன், இங்குள்ள செடிகளை உலர்த்திக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார். 1768இல் லின்னேயஸின் மாணவர் கோனிக் என்பவரே நமக்குத் தெற்கிலுள்ள தரங்கம்பாடிக்கு வந்து செடி தேடினார்.

மாசிபத்திரியை லின்னேயஸ் வேறோர் இனத்தில் சேர்த்துவிட்டார். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த வாரமே வகுப்பை அதே கரைக்கு மீண்டும் அழைத்துச் சென்று, முன்பு சொன்னது தவறென்று எல்லோர் முன்னும் கூறினேன். இம்முறை கத்தியைப் பிடித்தவன் அந்த மாணவன்.