தஞ்சைத் திருச்சபையும் சாதிப் பூசலும்

திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொள்கை விளக்கங்களையும் அத்தியட்சர்களின் ஆணைகளையும் தொகுத்துக் கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். ஒரு சபையின் நலத்தை அறிய இவை போதா. ஆராதனை வேளையில் யார் எங்கே அமர்ந்தனர், திருவிருந்தின் கிண்ணம் யாருக்கு முதலிலும் யாருக்குப் பின்னரும் சென்றது என்பவற்றையும் நாம் கேட்டாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் புரொட்டஸ்தாந்துத் தமிழ்ச் சபைகளைப் பிளந்த சாதிப் பூசலை இக்கேள்விகளுடன் நோக்குவோம்.

பூசலின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. டென்மார்க் மன்னனின் ஆதரவுடன் 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் கடவுள் முன் மானிடர் யாவரும் ஒன்றே எனப் போதித்தனர். ஆனால் ஞானஸ்நானம் பெற்று உள்ளே வந்த மக்கள் தமது சமூகத்தையும் உடன் சுமந்து வந்தனர். வேளாளர் முதலியோர் ஒருபுறமும் பறையர் மறுபுறமும் அமரும் வழக்கம் கோயிலுக்குள் வேரூன்றியது. திருவிருந்திலும் முன்னவர் பெற்ற பின்னரே பின்னவர் பெற்றனர்.

1733இல் முதலாவது தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்ற ஆரோன் வேளாளர். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது இராசநாயக்கன் என்பவரின் பெயரும் எழுந்தது. தஞ்சை மன்னனின் படையில் பணியாற்றிப் பின்னர் உபதேசியாராகிப் பெரும் பணி புரிந்தவர் அவர். ஆயின் அவர் பறையர். அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர் திருவிருந்து பெறமாட்டார் என்று மிஷனரிமார் அஞ்சினர். 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்கு வழங்கப்பட்டது. எழுதிய கோட்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அந்த ஒரு முடிவு சபையின் உண்மையான கோட்பாடு எது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதற்கு ஒரு சமாதானமும் கூறப்பட்டது. சாதி என்பது சமய வேறுபாடன்று, அது வெறும் சமூக வேறுபாடே என்றனர். ஐரோப்பியக் கோயில்களிலும் பிரபுக்களுக்குத் தனி ஆசனங்கள் இருந்தன அல்லவா? தம் நாட்டின் வர்க்க வேறுபாட்டை இயல்பெனக் கருதிய கண்களுக்கு நம் நாட்டின் சாதி வேறுபாடும் இயல்பாகவே தோன்றியதில் வியப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இளைய மிஷனரிமார் இச்சமாதானத்தை ஏற்கவில்லை. சாதியைக் கைவிட வேண்டும் என வற்புறுத்தலாயினர். அவர்களை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியருமான அவர், புதிய மிஷனரிமார் நான்கு கொடுமைகள் புரிவதாக முறையிட்டார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர்; சாதிகளைப் பலவந்தமாக ஒன்றாக்குகின்றனர்; சடங்குகளில் மலரை விலக்குகின்றனர்; வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடலையும் இசையையும் அகற்றுகின்றனர்.

இம்முறையீட்டை நாம் கவனமாக ஆராய வேண்டும். மலரும் பாட்டும் தமிழ் மக்களின் பண்பாட்டுச் செல்வங்கள். அவற்றை அந்நியர் இகழ்ந்தபோது சாஸ்திரியார் கொண்ட சினம் நியாயமானது. ஆனால் அதே மூச்சில் சாதி உயர்வையும் அவர் பண்பாட்டின் பெயராற் பாதுகாக்க முனைந்தார். உரிமைக் குரலோடு ஆதிக்கக் குரலும் ஒன்றாய்ப் பிணைந்து ஒலித்தது. மரபின் பெயரால் எழும் கோரிக்கைகளில் எது மக்களின் உடைமை, எது ஒரு பகுதியினரின் சலுகை எனப் பிரித்தறிய வேண்டிய கடமை அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது.

1833 ஜூலையில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் ஒரு நிருபம் விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியில் ஏறக்குறைய எழுநூறு பேர் சபையை விட்டு வெளியேறினர். தஞ்சையிலும் பிளவு பெரிதாயிற்று. ஆணை நீதியானதே. ஆனால் வெளியேறியோருக்குப் புகலிடம் கிடைக்க நெடுங்காலம் செல்லவில்லை. பின்னர் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைச் சமூக வழக்காகக் கருதி, சுவிசேஷம் காலப்போக்கில் அதை உருக்கிவிடும் எனக் காத்திருக்கலாயிற்று. பிரிந்தவர்களிற் பலர் அங்குச் சென்று சேர்ந்தனர். 1850இல் சென்னையிற் கூடிய ஏனைய மிஷனரிமார் சாதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியபோதும் லைப்சிக் மிஷன் தன் நிலையை மாற்றவில்லை.

ஆணையிட்டவர்களின் கையும் முற்றாகத் தூயதன்று. சாதியை ஒழிக்கச் சொன்ன ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஓர் இந்தியர் அத்தியட்சராவதற்கு 1912ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே வேதநாயகம் சாமுவேல் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சரானார். நிறத்தின் அடிப்படையில் அமைந்த படிநிலையைத் தாமே பேணிக்கொண்டு பிறப்பின் அடிப்படையில் அமைந்த படிநிலையைக் கண்டித்தோரின் சொல்லுக்கு மக்கள் மனத்தில் எவ்வளவு வலிமை இருந்திருக்கும்?

இத்தனை வாதங்களுக்கிடையே, திருவிருந்தைப் பின்னே பெற்றவர்களின் குரல் ஏடுகளில் அரிதாகவே கேட்கிறது. அத்தியட்சர் அவர்களுக்காகப் பேசினார்; சாஸ்திரியார் அவர்களை விலக்கிப் பேசினார்; அவர்களோடு பேசியவர் சிலரே. தஞ்சைச் சமவெளியில் அவர்களிற் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்கள். வயலில் எசமானும் ஆளுமாய் நின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் மட்டும் சகோதரராவது எங்ஙனம்? நிலமும் கூலியும் திருமண உறவும் பழைய நிலையிலேயே இருக்க, ஆசனத்தை மட்டும் மாற்றுமாறு நிருபம் கேட்டது. காத்திருப்போம் என்றவர்களோ அதையும் கேட்கவில்லை.

இலங்கையிலும் இப்படிப்பினை நாம் அறிந்ததே. சாதி காரணமாக மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே திரண்டு நிற்க வேண்டியிருந்தது. சட்டமும் நிருபமும் தேவையானவையே. அவற்றுக்கு உயிரூட்டுவது விலக்கப்பட்டவர்களின் சொந்த எழுச்சியாகும்.

கருத்து வேறுபாடு ஒரு சபையை அழிப்பதில்லை. திறந்த விவாதம் அதற்கு நலமே பயக்கும். ஆனால் யாரைப் பற்றிய விவாதமோ அவரைப் பின்வரிசையில் இருத்திவிட்டு முன்வரிசையினர் தமக்குள் நடத்தும் விவாதம், எந்தப் பக்கம் வென்றாலும், அநீதியையே மிச்சம் வைக்கும். தஞ்சைத் திருச்சபையின் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.