இரண்டு மாதமும் ஒரு கேள்வியும்: புதுச்சேரியில் இளநிலை மாணவர் ஆய்வு உதவித்தொகையின் வரலாறு

இளநிலைப் பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர் ஒருவரைச் சில வாரங்களுக்கு ஓர் ஆய்வறிஞரின் வழிகாட்டுதலில் அமர்த்தி, ஒரே ஒரு சிக்கலை மட்டும் ஆராயச் செய்து, அக்காலத்துக்கென ஒரு தொகையையும் அளிக்கும் ஏற்பாடு கோடைக்கால ஆய்வு உதவித்தொகை எனப்படுகிறது. உதவித்தொகை என்னும் சொல் தமிழில், படிக்க வசதியற்றவரின் கட்டணச் சுமையைக் குறைக்கத் தரப்படும் பணம் என்ற பொருளிலேயே நெடுங்காலம் வழங்கிவந்திருக்கிறது. ஆய்வு உதவித்தொகையின் இயல்போ வேறு. அது வறுமைக்கு அளிக்கும் துணையன்று, மாணவர் செய்யும் வேலைக்கும் அவ்வேலைக்காக அவர் ஒதுக்கும் காலத்துக்கும் அளிக்கும் ஈடு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் இத்தகைய திட்டங்களின் வரலாறு விளங்கும். ஏனெனில், பட்டம் பெறாத ஒருவரும் புதிய கேள்வியைக் கேட்கத் தகுதியுடையவர் என்பதைக் கல்வி நிறுவனங்கள் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்ட வரலாறே அது.

புதுச்சேரியில் இந்த ஒப்புதல் முதலில் மருத்துவத் துறையில்தான் நிகழ்ந்தது. பிரெஞ்சு அரசு 1823இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி, அக்காலத்து மருத்துவப் பள்ளிகள் பலவற்றையும் போலவே, சிகிச்சை செய்யத் தெரிந்தவர்களை உருவாக்குவதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபின், 1956இல் அப்பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக உருமாறியது. 1959இல் கோரிமேட்டில் புதிய வளாகத்துக்கு இந்தியாவுக்கான பிரெஞ்சுத் தூதர் ஸ்தனிஸ்லாஸ் ஒஸ்த்ரோரோக் அடிக்கல் நாட்டினார். 1964 ஜூலை 13இல் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தபோது, அது ஜவாஹர்லால் நேரு பெயரால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. மக்கள் வாயில் ஜிப்மர் என்று வழங்கும் இந்நிறுவனத்தின் முழுப்பெயரில் ‘ஆராய்ச்சி’ என்னும் சொல் இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. எனினும் அச்சொல் அந்நாளில் பேராசிரியர்களையும் பட்டமேற்படிப்பு மாணவர்களையும் நோக்கியே சொல்லப்பட்டது, எம்.பி.பி.எஸ். மாணவரை அது எட்டுவதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

உலகின் பிற பகுதிகளில் இளநிலை மாணவரை ஆய்வுக்கூடத்துக்குள் அழைக்கும் முயற்சிகள் ஏறத்தாழ இதே காலத்தில்தான் உருப்பெற்றன. ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் 1962இல் கோடைக்கால மாணவர் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1969இல் மார்கரெட் மக்விகார் என்னும் இயற்பியலாளர் இளநிலை மாணவர் ஆய்வு வாய்ப்புத் திட்டத்தை நிறுவினார். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இன்றைய இளநிலை ஆய்வுத் திட்டம் 1987இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ அதற்கு எட்டாண்டு முந்தியே, 1979இல், மருத்துவ இளநிலை மாணவர்களுக்கான குறுகியகால ஆய்வு உதவித்தொகையை அறிவித்துவிட்டது. 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகப் பிறந்து 1949இல் இப்போதைய பெயரைப் பெற்ற அக்கழகம், அதுவரை தேர்ந்த ஆய்வாளர்களுக்கே நிதி வழங்கிவந்த அமைப்பு என்பதை நினைத்தால், இம்முடிவின் துணிவு புலப்படும்.

துணிவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவக் கல்வி பாடநூலையும் தேர்வையும் அச்சாகக் கொண்டு சுழல்வது. முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் மனப்பாடமாகவே பெரும்பாலோரின் காலத்தை விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அம்மாணவருக்குள் ஊறிப்போகிறது. ஒரு நோயைப் பற்றியோ ஒரு வழக்கத்தைப் பற்றியோ நூல்களில் விடை இல்லாத ஒரு கேள்வியை எழுதித்தர வேண்டும் என்று அவரிடம் கேட்பது, அந்தப் பயிற்சியின் போக்கையே திருப்பிவிடும் செயலாகும்.

திட்டம் இயங்கும் முறையும் இந்த நோக்கத்துக்கு ஏற்ப அமைந்தது. மாணவர் முதலில் தம் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆய்வு முன்மொழிவு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எதை ஆராய்கிறோம், ஏன் ஆராய்கிறோம், எத்தனை பேரிடம் ஆராய்கிறோம், கிடைக்கும் தரவை எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பவை அதில் இடம்பெற வேண்டும். கழகத்தின் மதிப்பீட்டாளர்கள் அதை ஏற்றுக்கொண்டால், நிறுவன அறநெறிக் குழுவின், அதாவது ஆய்வுக்கு உட்படுவோரின் உரிமையையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் குழுவின், ஒப்புதலோடு இரண்டு மாதம் ஆய்வு நடத்தி, குறித்த நாளுக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பின்னரே தொகையும் சான்றிதழும் கிடைக்கும். திட்டத்தின் பெயரில் கோடை என்னும் சொல்லே கிடையாது என்பதும், அண்மை ஆண்டுகளில் ஆய்வுக்காலம் ஜூலையை ஒட்டியே தொடங்கிவருவதும், மருத்துவக் கல்லூரியின் நாட்காட்டியில் நீண்ட கோடை விடுமுறைக்கு இடமில்லாததோடு பொருந்திப்போகின்றன.

ஜிப்மரில் இத்தகைய ஆய்வு நடைபெறும் விதத்தைச் சற்று அருகிலிருந்து காண்பது பயன்தரும். புறநோயாளிப் பிரிவுக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் விடியற்காலைப் பேருந்தில் வந்து சீட்டுக்காக வரிசையில் நிற்கிறார்கள். முன்மொழிவு ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆய்வுக்கு உட்படுபவரிடம் தரப்படும் இசைவுப் படிவமும் வினாநிரலும் அவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். எனவே ‘மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல்’ என்ற தொடரை, ‘போன வாரம் எந்த நாளாவது மாத்திரை போட மறந்துட்டீங்களா?’ என்று கேட்கத் தெரிந்துகொள்வதே மாணவரின் முதல் வேலையாகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரானால், ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் படிவத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர் சம்மதித்த பின் கைரேகை பெற வேண்டும். ‘இதுல சேரலைன்னா வைத்தியம் பார்க்கமாட்டீங்களா?’ என்று அந்த நோயாளி கேட்டால், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்பதை அவர் நம்பும்படி சொல்ல வேண்டிய பொறுப்பு பத்தொன்பது வயது மாணவர் மேல் விழுகிறது. மருத்துவ அறநெறியை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வகுப்பறை வேறில்லை என்று துணிந்து கூறலாம்.

களமும் மருத்துவமனையும் அடுத்தடுத்து இருப்பது புதுச்சேரிக்கு வாய்த்த பேறு. ஜிப்மரின் சமூக மருத்துவத் துறைக்கு நகருக்குள் குருசுக்குப்பத்திலும் கிராமப்புறத்தில் இராமநாதபுரத்திலும் சுகாதார மையங்கள் உண்டு. மீனவர் குடும்பங்களின் உணவுப் பழக்கம், நீரிழிவு நோயாளிகளின் கால் பராமரிப்பு போன்ற பொருள்களை எடுத்துக்கொள்ளும் மாணவர், காலையில் வார்டிலும் மாலையில் தெருவிலும் இருக்க முடியும். கோரிமேட்டுப் பகுதியிலேயே, கொசு முதலிய நோய்பரப்பும் உயிரிகளை ஆராய்வதற்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் நிறுவிய மையமும் இருக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவை ஒடுக்க அம்மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரிலேயே நடத்திய ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுப் பணி, ஊரின் சாக்கடையும் கழிவுநீர்த் தேக்கமும்கூட அறிவியலின் பொருளாகும் என்பதைக் காட்டியது.

அந்தப் பணிக்கு ஐந்தாண்டு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு மாத வரம்பு, கேட்கக்கூடிய கேள்வியின் வடிவத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஒரு நோயாளியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதோ, ஒரு சிகிச்சையின் நீண்டகாலப் பலனை அளப்பதோ இயலாது. ஆதலால் ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு குழுவினரிடம் ஒரே முறை தகவல் திரட்டும் குறுக்குவெட்டு ஆய்வுகளும், மக்களின் அறிவு, மனப்பாங்கு, நடைமுறை ஆகியவற்றை அளக்கும் வினாநிரல் ஆய்வுகளுமே மாணவர்களின் கைக்கு எளிதாக வருகின்றன. இதைக் குறை என்று மட்டும் தள்ளிவிடுவது சரியன்று. அறிக்கையில் வரும் எண் சிறியதாக இருக்கலாம். தம் கையால் திரட்டிய தரவு தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தபோது அதை அப்படியே எழுதும் நேர்மையை அம்மாணவர் பழகியிருந்தால், திட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

தொகையைப் பற்றியும் ஒரு சொல். மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு மாதத்துக்கு 20,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை, அண்மையில் 50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே, ஆனால் அறிக்கை ஏற்கப்பட்ட பின்பே பணம் வருவதால், படிவம் அச்சிடுவதற்கும் களத்துக்குப் போய்வருவதற்கும் ஆகும் செலவை மாணவர் முதலில் தம் கையிலிருந்தே போட வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து பணம் கேட்கத் தயங்கும் மாணவருக்கு இது உண்மையான தடை. கழகத்தின் திட்டத்துக்கு வெளியே, பொன்விழாவின் பெயரால் ஜிப்மர் தானே வழங்கும் இளநிலை மாணவர் குறுகியகால ஆய்வு விருதும் உண்டு. ஒரு நிறுவனம் தன் சொந்த நிதியில் தன் இளைய மாணவரின் கேள்விக்கு இடமளிப்பது, 1964இல் பெயரில் மட்டும் இருந்த ‘ஆராய்ச்சி’ என்னும் சொல் இளநிலை வகுப்பறை வரை வந்துசேர்ந்ததற்கு அடையாளமாகும்.

அறிவியல் மாணவர்களின் கதை வேறு திசையில் சென்றது. இலாஸ்பேட்டையில் 1961இல் தொடங்கிய தாகூர் கலைக்கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இயற்பியலோ வேதியியலோ தாவரவியலோ படித்தவருக்கு, ஊருக்குள் ஜிப்மரை ஒத்த ஓர் ஆய்வுக் களம் நெடுங்காலம் இல்லை. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் முதுநிலைக் கல்வியிலும் முனைவர் பட்ட ஆய்விலுமே கருத்தைச் செலுத்தியது. ஆகவே அவர்கள் வெளியூர் போக வேண்டியிருந்தது. சர் சி. வி. இராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி 1990களின் நடுவில் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தை வளர்த்தெடுத்தது. 2007 முதல் தில்லியிலும் அலகாபாத்திலும் உள்ள மற்ற இரு தேசிய அறிவியல் அகாதமிகளும் அதில் இணைந்தன. இத்திட்டம் மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களையும் ஏற்றுக்கொண்டதும், பயணச் செலவையும் சேர்த்து அளித்ததும் சிறு ஊர்க் கல்லூரிகளுக்குப் பெரிதும் துணைசெய்தன. 2008இல் மைய அரசு தொடங்கிய இன்ஸ்பையர் திட்டத்தின் உயர்கல்விப் பிரிவில், ஆண்டுக்குத் தரப்படும் 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது.

ஆயினும் வாயில் திறந்திருப்பது வேறு, அதைக் கடப்பது வேறு. இத்தகைய திட்டங்களுக்கான விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மாணவரை நேரில் அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் அதற்கு வேண்டும். கோடையில் செல்வதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வந்தவர், திட்டத்தின் இருப்பையே அறிவதற்குள் அந்த நாள் கடந்துபோகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் ஆய்வைப் படிப்பின் பகுதியாகவே ஆக்கியிருக்கிறது. ஆனால் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவருக்கே ஆய்வுடன் கூடிய சிறப்புப் பட்டம் என்று வரையறுத்திருப்பதால், தேர்வில் சிறந்தவரே கேள்வி கேட்கவும் சிறந்தவர் என்ற பழைய எண்ணம் புதிய உடையில் திரும்பிவருகிறது.

கலை, மொழி, வரலாற்று மாணவர்களின் நிலைமை இன்னும் பின்தங்கியது. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரையை ஒட்டிய செயிண்ட் லூயி தெருவில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கோயில்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களும் அங்கே உள்ளன. அந்நிறுவனம் பயிற்சி மாணவர்களை ஏற்பது உண்டு. எனினும் மருத்துவ மாணவருக்கு 1979 முதல் கிடைத்துவருவதைப் போன்ற அகில இந்தியத் திட்டம் தமிழோ வரலாறோ பயிலும் இளநிலை மாணவருக்கு இல்லை. அத்துறைகளின் தேசிய அமைப்புகள் தரும் ஆய்வு உதவித்தொகைகள் முனைவர் பட்ட நிலையிலிருந்தே தொடங்குகின்றன. கிரந்த எழுத்தைப் பழகி ஒரு சுவடிக் கட்டின் ஏடுகளை எண்ணி, முதலும் முடிவும் குறித்து, சிதைவுகளைப் பதிவுசெய்து ஒரு விளக்க அட்டவணைக் குறிப்பை எழுதுவதற்கும், ஒரு கோயிலின் பழைய ஒளிப்படத்தை இன்றைய கட்டடத்தோடு நேரில் ஒப்பிட்டு மாற்றங்களை எழுதிவைப்பதற்கும் இரண்டு மாதம் போதும். இலாஸ்பேட்டையிலிருந்து செயிண்ட் லூயி தெருவுக்கு நகரப் பேருந்தில் அரை மணி நேரப் பயணம்.