கெட்டுப்போன நிலத்தைக் கட்டிக் காக்கும் வெட்டிவேர்

சிம்பாங் அம்பாட் - தென் செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியிருந்த தோட்ட நிலங்கள் பல இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. பத்து காவான் தொழிற்பேட்டையும் அருகிலேயே உள்ளது. தொழில் வளரும் எந்த ஊரிலும் வெட்டிப்போட்ட மண்மேடும் கழிவு கொட்டிய நிலமும் மிஞ்சுவது உண்டு. மழை பெய்தால் அந்த மண்ணும் நஞ்சும் கால்வாய்க்கு இறங்கும். இதைத் தடுக்கப் பல நாடுகள் நடும் புல், நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் மணக்கும் வெட்டிவேர்தான். ஆங்கிலத்தில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரும் தமிழிலிருந்து சென்றதே.

ஏன் இந்தப் புல்?

வெட்டிவேர் பல ஆண்டுகள் வாழும். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக 3 மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் இறங்கும். தென்னிந்திய வகை விதையால் பரவாது என்பதால், லாலாங் போல அக்கம்பக்கத்தை ஆக்கிரமிக்காது. அமிலத்தன்மையும் உப்பும் மிகுந்த மண்ணையும் தாங்கும்.

மலேசியாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி.கே.யூன், இப்புல்லைப் பற்றிய தம் முதல் ஆய்வறிக்கையை 1991-இல் வெளியிட்டார். பின்னர் நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் இது நடப்பட்டது. இதன் வேரின் இழுவலிமை சாதாரண எஃகில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என 1996-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அறிவியலாளர் பால் துருவோங், தங்கம், நிலக்கரிச் சுரங்கக் கழிவுகளின் மீதே இதை வளர்த்துக் காட்டினார்.

நடும் முறை

தூரைப் பிரித்து, இலையை 20 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை அமைய வேண்டும். கழிவு மண்ணில் சத்து இருக்காது என்பதால் தொடக்கத்தில் உரம் தேவை. நிழலில் இப்புல் செழிக்காது.

கவனிக்க வேண்டியது

வெட்டிவேர் நஞ்சை அழிப்பதில்லை. இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கிறது. ஆர்செனிக், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகியவை பெரும்பாலும் வேரிலேயே தங்கும். துத்தநாகம் இலைக்கும் கணிசமாக ஏறும். ஆகவே கழிவு நிலத்தில் வளர்ந்த வேரைக் குடிநீரில் போடக்கூடாது. அதன் புல்லை ஆடு மாடுகளுக்கும் அறுத்துப் போடக்கூடாது. பானைக்கான வேர், கழிவு படாத நல்ல மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

புல் நட்டுவிட்டதால் கழிவு கொட்டியவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆபத்தான தொழிற்கழிவுகளைக் கையாள 2005-ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகள் உள்ளன. சந்தேகத்துக்குரிய கழிவைக் கண்டால் கையால் தொடாமல், சுற்றுச்சூழல் துறையிடம் புகார் செய்வதே முதல் வேலை. மண்ணைச் சோதித்து, அகற்ற வேண்டியதை அகற்றிய பிறகுதான் புல்லுக்கு வேலை.