கையும் ஆயுதம்தான்

பள்ளிக்கூட நாட்களில் ஒரு கதை சுற்றும். கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்கியவர்கள் தங்கள் கையைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்ய வேண்டுமாம். அவர்கள் யாரையாவது அடித்தால் கத்தியால் குத்தியதாகக் கேஸ் போடுவார்களாம். நாங்களும் நம்பினோம். அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. ஆனால் 2022 மே 19 அன்று சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட அந்தக் கதையின் பக்கத்தில் போய் நின்றது.

நவ்ஜோத் சிங் சித்துவை, டிவியில் கவிதை சொல்லி வாய்விட்டுச் சிரிக்கும் மனிதராகத்தான் எனக்குத் தெரியும். வேலைக்காக சண்டிகர் வந்த பிறகுதான், இந்தப் பக்கத்தில் அவர் பெயரோடு பட்டியாலா வழக்கும் சேர்ந்தே வரும் என்று புரிந்தது.

1988 டிசம்பர் 27. பட்டியாலாவில் சாலை நடுவே ஒரு ஜிப்சி நிற்கிறது. அதில் சித்துவும் அவர் நண்பர் ஒருவரும். பின்னால் மாருதியில் வந்த 65 வயதுப் பெரியவர் வண்டியை எடுக்கச் சொல்கிறார். வாய்த் தகராறு முற்றுகிறது. சித்து தலையில் ஒரு குத்து விடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெரியவர் இறந்துபோனார். சித்துவுக்கு அப்போது 25 வயது. 1987 உலகக் கோப்பையில் ஆடியவர்.

பிறகு நடந்தது ஒரு நெடுங்கதை. 1999-ல் செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்தது. 2006 டிசம்பரில் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் 'கொலையாகாத மரணம்' என்று மூன்று வருடம் கொடுத்தது. சித்து எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கி, 2007-ல் அதே அமிர்தசரஸில் நின்று திரும்பவும் ஜெயித்தார். வழக்கு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது: அவர் இறந்தது அடியாலா, ஏற்கெனவே இருந்த இதயக் கோளாறாலா?

2018 மே மாதம் சுப்ரீம் கோர்ட், அந்த அடியால்தான் மரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. காயப்படுத்திய குற்றம் மட்டும், இந்திய தண்டனைச் சட்டம் 323-ன் கீழ். அதற்கு அபராதம் ஆயிரம் ரூபாய். சிறை வேண்டாம் என்பதற்குச் சொன்ன காரணங்கள்: சம்பவம் நடந்து 30 வருடம் ஆகிவிட்டது, முன்விரோதம் இல்லை, ஆயுதம் எதையும் பயன்படுத்தவில்லை.

பெரியவரின் குடும்பம் மறுசீராய்வு கேட்டது. 2022-ல் கோர்ட் கை வைத்தது அந்தக் கடைசிக் காரணத்தில்தான். குத்துச்சண்டை வீரரோ, மல்யுத்த வீரரோ, கிரிக்கெட் வீரரோ, நல்ல உடற்கட்டுள்ள எவரோ அடித்தால் கையே ஆயுதமாகலாம். தன் அடியின் பலம் தெரியாது என்று அப்படிப்பட்டவர் சொல்ல முடியாது. அடி விழுந்ததோ தன்னைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வயதானவர் மீது. ஆயிரம் ரூபாயோடு ஒரு வருடக் கடுங்காவலும் சேர்ந்தது. 323-ல் கொடுக்கக்கூடிய அதிகபட்சமே அவ்வளவுதான். சித்து மறுநாள் சரணடைந்தார். சுமார் பத்து மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 1 அன்று வெளியே வந்தார்.

அப்படியானால் பலசாலிக்குத் தற்காப்பு உரிமையே இல்லையா? இருக்கிறது, தாராளமாகவே. மெக்காலே 1837-ல் தயாரித்த சட்ட வரைவில், அடி வாங்கிக்கொண்டு பணிந்து போகும் பழக்கம் இந்தியர்களிடம் அதிகம் என்று நினைத்தார். தைரியத்தை வளர்க்கட்டும் என்றே இந்த உரிமையை அகலமாக வைத்தார். 1860 தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகள் அவை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உங்கள் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத இன்னொருவர் உடலையும் காக்கலாம். தப்பி ஓட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. முக்கியமான கடிவாளம், தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆபத்து நேரத்தில் பொற்கொல்லன் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதையும் கோர்ட்டுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. வண்டியை எடு என்று கேட்ட பெரியவரிடம் காத்துக்கொள்ள என்ன ஆபத்து இருந்தது?

பென் ஸ்டோக்ஸ் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 செப்டம்பர் 25 அதிகாலை, பிரிஸ்டலில் ஒரு இரவு விடுதிக்கு வெளியே கைகலப்பு. ஒருவருக்குக் கண்குழி எலும்பு முறிந்தது. ஸ்டோக்ஸ் ஆஷஸ் தொடரை இழந்தார். தன்பாலின ஈர்ப்புள்ள இருவரைச் சிலர் கேவலமாகப் பேசியதால் தலையிட்டேன், பிறகு என்னையும் மற்றவர்களையும் காக்கவே அடித்தேன் என்பது அவர் வாதம். நிதானம் இழந்து பழிவாங்கினார் என்றது அரசுத் தரப்பு. இங்கிலாந்தில், தற்காப்பு என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருந்தால் போதும். அது தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் அந்தச் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல், கொஞ்சம் இலகுவான அளவில். 2018 ஆகஸ்ட் 14 அன்று ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் கிரிக்கெட் ஒழுங்குக் குழு விடவில்லை. ஆட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது (தடை ஏற்கெனவே கழிந்துவிட்டதாகக் கணக்கு).

இரண்டு பேருமே கிரிக்கெட் வீரர்கள், இரண்டு பேரிடமும் வெறும் கைதான். ஒருவரிடம் கோர்ட் கேட்டது, அந்த நொடியில் அடிக்க வேண்டியிருந்ததா என்று. மற்றவரிடம் கேட்டது, உன் பலம் உனக்குத் தெரியாதா என்று. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்து வளர்த்த கை, மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் சாதாரணக் கையாகிவிடாது.

இந்த ஒரு வாக்கியம் வர அந்தப் பட்டியாலாக் குடும்பம் காத்திருந்தது 33 வருடம். இங்கே சிக்னலில் பச்சை விழுந்த மறுநொடி பின்னால் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், கதவைத் திறந்துகொண்டு இறங்கலாமா என்று எனக்கும் கை துறுதுறுக்கும். அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு கியரைப் போட்டுவிடுகிறேன்.