ஒரு முடுப்பின் பயணம்

கார்வேட்டிநகரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமல் போனால், தாய் ஒரு துண்டுத் துணியை மஞ்சளில் நனைத்து, அதில் ஒரு ரூபாயோ பதினொரு ரூபாயோ முடிந்து சாமி படத்தருகில் வைத்துவிடுவாள். தெலுங்கு பேசும் வீட்டில் அதை முடுப்பு என்பார்கள். தமிழ் வீட்டில் ‘ஏழுமலையானுக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்கோம்’ என்பார்கள். இரண்டு மொழியும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர் அது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. அதன் ஜமீன் இன்றைய திருத்தணிப் பக்கம் வரை விரிந்திருந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. அதற்குப் பிறகும் முடிச்சுப் போடும் கை மாறவில்லை.

முடிந்த காசை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அரிசி தீர்ந்தாலும் எடுக்க மாட்டார்கள். பிள்ளை எழுந்து நடமாடியதும், கையில் பேருந்துக் கட்டணம் சேர்ந்த நாளில், புத்தூர் வழியாகத் திருப்பதி போய் மலையேறி அதைச் சேர்ப்பார்கள். அந்த ஒரு ரூபாய் மலைக்குப் போனபின் என்ன ஆகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. நான் கேட்க விரும்புகிறேன். இந்த வட்டாரத்தில் ஏழை எளியவர் கையிலிருந்து பொதுக் காரியத்துக்குப் பணம் புறப்படும் முதன்மையான வழிகளில் ஒன்று இது; அந்த வழிக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

மலைக்குக் காசு போவதற்குப் புராணக் கதை சொல்கிற காரணம் எல்லோருக்கும் தெரியும். ஏழுமலையானாகிய சீனிவாசன் பத்மாவதியை மணக்கக் குபேரனிடம் கடன் வாங்கினார். பக்தர் போடும் காசு அந்தக் கடனுக்கு வட்டியாகப் போகிறது. முதல் அப்படியே நிற்கிறது. திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் நாராயணவனம் புத்தூருக்குப் பக்கத்தில், கார்வேட்டிநகரத்துக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தக் கடன் அவர்களுக்குப் பக்கத்து ஊர்க் கடன். முதலைத் தொடாமல் வட்டியில் காரியம் நடத்துவது என்ற கணக்கை, வங்கிகள் வருமுன்பே, புராணத்தின் வழியாக மனப்பாடம் செய்துகொண்ட மக்கள் இவர்கள்.

மலையில் முடுப்பு விழும் இடம் கொப்பரை என்று வழங்கும் உண்டியல்: பெரிய பாத்திரம், அதன்மேல் கட்டித் தொங்கவிட்ட துணிப்பை. நிறைந்ததும் சீல் வைத்து, பரகாமணி எனப்படும் எண்ணும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முன்பு கோவிலுக்குள்ளேயே நடந்த எண்ணிக்கை 2023 பிப்ரவரியில் வெளியே ஒரு தனிக் கட்டடத்துக்கு மாறியது. கோவிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் ஊழியர்களோடு, வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள் சேவையாக வந்து உட்கார்ந்து பிரிக்கிறார்கள். பை இல்லாத உடை உடுத்த வேண்டும். நோட்டு மதிப்பு வாரியாகவும், வெளிநாட்டுப் பணம் தனியாகவும், பொன் தனியாகவும் போகிறது. மஞ்சள் துணியை அவிழ்ப்பவர் கையில் அந்தத் தாயின் மூன்று மாதக் கவலை ஒரு நொடி இருக்கிறது. பிறகு காசு மற்றக் காசுகளோடு கலந்துவிடுகிறது.

அது எவ்வளவு பெரிய குவியல் என்பதற்கு ஓர் அளவு: 2025-26 ஆண்டுக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் போட்ட வரவு செலவுத் திட்டம் 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியல் வரவாக எதிர்பார்த்தது 1,729 கோடி. முந்தைய ஆண்டுகளின் காணிக்கை வங்கியில் கிடந்து ஈட்டும் வட்டி மட்டும் 1,300 கோடியைத் தாண்டும். புராணத்தில் சாமி வட்டி கட்டுகிறார். கணக்குப் புத்தகத்தில் வட்டி வாங்குகிறார்.

இந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்று முன்னோர் வகுத்த முறையைத் தெரிந்துகொள்ள, கோவில் சுவர்களைப் படிக்க வேண்டும். திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன, பெரும்பாலானவை தமிழ். தேவஸ்தானத்தின் கல்வெட்டு அறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் 1930-களில் அவை தொகுதி தொகுதியாக அச்சேறின. மிகப் பழையவற்றுள் ஒன்று சாமவை என்ற பல்லவ அரசகுலப் பெண்ணின் கொடை: வெள்ளியால் செய்த திருமேனி, அதற்கு அணிகலன்கள், பூசைக்கும் திருவிழாவுக்கும் ஆகும் செலவுக்கு நிலம். அந்தத் திருமேனி போக சீனிவாசன் என்ற பெயரில் இன்றும் இரவு ஏகாந்த சேவையில் இருக்கிறது. சிலையை மட்டும் கொடுத்திருந்தால் அதற்குப் பூசை யார் செலவில் என்ற கேள்வி வந்திருக்கும். நிலத்தையும் சேர்த்துக் கொடுத்ததில் சாமவையின் கூர்மை தெரிகிறது.

விஜயநகர காலத்தில், 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், இந்தக் கூர்மை ஒரு முழு ஏற்பாடாக வளர்ந்தது. கொடையாளி கோவில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் என்ற காசைக் கட்டுவார். கோவில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் அதைப் பெட்டியில் பூட்டி வைக்க மாட்டார்கள். கோவிலுக்குச் சொந்தமான ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் அதைப் போடுவார்கள். தண்ணீர் வந்ததும் விளைச்சல் கூடும். கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து கொடையாளி பெயரில் நாள்தோறும் திருப்போனகம் என்ற சோற்றுப் படையலோ, குறிப்பிட்ட விழா நாளில் அப்பமும் அதிரசமும் வடையுமோ படைக்கப்படும். படைத்த சோற்றில் யாருக்கு எவ்வளவு என்பதும் கல்லிலேயே இருக்கும்: கைங்கரியம் செய்பவர்களுக்கு இத்தனை, கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு. அந்தக் கால்பங்குக்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, இது நடக்க வேண்டும் என்று ஆவணம் முடியும்.

அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் இந்தத் திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்தே, இடைக்காலத் தென்னிந்தியக் கோவிலின் பொருளாதாரப் பணி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கோவிலுக்கு வந்த பணம் உழவு நிலத்துக்குத் தண்ணீராகத் திரும்பிப் போனது என்று அவர் காட்டியது, பக்தியை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இன்றும் புதிது. கொடுத்தவர்களில் அரசர்கள் உண்டு, ஆசாரியர்கள் உண்டு, கவி தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் வழித்தோன்றல்கள் உண்டு. வணிகர்களும் எம்பெருமானடியார் என்ற கோவில் பெண்களும் உண்டு. கொடையாளிக்கும் கடவுளுக்கும் நடுவே முகமறியாத ஓர் உழவன் நின்றான். அவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால்தான் இருவர் கணக்கும் நேராகும். கொடையை இப்படிக் கட்டிப்போட்டவர்களின் அறிவை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

விட்டவன் விழுக்காடு எங்கே போனது என்பது இன்னும் முக்கியமான செய்தி. பலர் தங்கள் கால்பங்கை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மடங்களுக்கும், இராமானுஜ கூடங்களுக்கும் எழுதி வைத்தார்கள். விஜயநகர மன்னன் சாளுவ நரசிம்மன் மலைமேலும் கீழும் அமைத்த இராமானுஜ கூடங்கள், வந்தவருக்குச் சோறு போட்ட சத்திரங்கள். கந்தாடை இராமானுஜ ஐயங்கார் என்பவர் அவற்றை நடத்தினார். இன்றைய பேச்சில் சொன்னால், மூலதனம் ஒருவருடையது, அதை முதலீடு செய்து காப்பது ஸ்தானத்தார், விளைவைப் பெற்றுத் தொண்டு நடத்துவது மூன்றாவதொரு அமைப்பு. மூவர் கடமையும் கல்லில் வெட்டிப் பொதுவில் நிற்கிறது.

விஜயநகரம் சரிந்த பிறகு இந்தச் சங்கிலி அறுந்தது. ஆற்காட்டு நவாபுகள் கோவில் வருமானத்தைக் குத்தகைக்கு விட்டார்கள்; கர்நாடகப் போர்களின் நடுவே அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்ட கடனுக்கு ஈடாக எழுதப்பட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முடிந்த காசு படைச் செலவுக்கும் வெடிமருந்துக்கும் போன காலம் அது. 1801-க்குப் பின் கம்பெனியே நேரடியாக நிர்வகித்தது. 1821-இல் புரூஸ் என்ற அதிகாரியின் பெயரால் விதித் தொகுப்பு ஒன்று வந்தது. பூசை ஒழுங்காக நடந்தது, மீதி அரசாங்கக் கஜானாவுக்குப் போனது. ஏரிக்குப் போகவில்லை. 1843-இல் கம்பெனி விலகிக்கொண்டு ஹாத்திராம்ஜி மடத்தின் தலைவரான மகந்து சேவாதாஸிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 1933-இல் சட்டத்தின்படி தேவஸ்தானக் குழு அமையும்வரை ஆறு மகந்துகள் இருந்தார்கள்; 1884-இல் தொடங்கிய சமஸ்கிருதப் பாடசாலை இன்றைய கீழ்த்திசைக் கல்லூரியாக நிற்பது போன்ற நற்பணிகளும் அக்காலத்தில் உண்டு.

குழு வந்தபிறகு முடுப்பின் காசு கல்விக்குத் தாராளமாகப் போனது. 1945-இல் திருப்பதியில் வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரி, 1961-இல் தில்லியில் வெங்கடேஸ்வரா கல்லூரி. ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பாலமந்திர், காது கேளாதோர் பள்ளி, எலும்பு, மூட்டு நோயாளிகளுக்கான பர்ட் மருத்துவமனை, 2021-இல் திறந்த பத்மாவதி குழந்தைகள் இருதய மருத்துவமனை. கார்வேட்டிநகரத்திலிருந்து போன ஒரு ரூபாய், அதே கார்வேட்டிநகரத்துப் பிள்ளையின் காலை நேராக்கியிருக்கலாம். போட்டவளுக்கும் தெரியாது, நடப்பவனுக்கும் தெரியாது.

பழைய விழுக்காட்டுக்கு மிக நெருங்கி வருவது திருமலையில் நடக்கும் அன்னதானம். 1985 ஏப்ரல் 6 அன்று அப்போதைய ஆந்திர முதல்வர் என்.டி. இராமாராவ் தொடங்கி வைத்தபோது நாளுக்கு 2,000 பேருக்குச் சாப்பாடு. இன்று ஒரு வேளையில் நாலு கூடங்களில் ஆளுக்கு ஓர் இலையாக ஆயிரக்கணக்கில் உட்காருகிறார்கள். கூடங்கள் உள்ள கட்டடத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர். 1817-இல் மறைந்த கவி, கணவனை இழந்த பெண்ணுக்கு ஊர் விதித்த ஒடுக்கத்தை மீறி மலைக்கு வந்தவர், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பத்து நாள் யாத்திரிகர்களுக்குச் சோறிட்டவர். அவர் பெயரை இட்டது மிகப் பொருத்தம். அன்னதான அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை தேசிய வங்கிகளில் இருக்கிறது. வட்டியில் அடுப்பு எரிகிறது. முதல் கரையாது.

ஆனால் இந்த முதல் எங்கே இருக்கிறது? வங்கியில். நற்பணம் இருந்தது ஏரியில். அன்று கொடை சோறாக மாறுமுன் ஒரு கிராமத்தைச் செழிக்க வைத்தது. இன்று அது வைப்புநிதியாக மாறி, அங்கிருந்து எந்த ஊருக்கோ கடனாகப் போகிறது. புத்தூர், நகரி, கார்வேட்டிநகரம் பக்கம் திரும்புவது கொஞ்சம்தான். கார்வேட்டிநகரத்து வேணுகோபால சுவாமி கோவில் தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது, அதன் பிரம்மோற்சவம் குறைவில்லாமல் நடக்கிறது. அது வரை நல்லது. தேவஸ்தானத்தின் ஸ்ரீவாணி அறக்கட்டளை, 10,000 ரூபாய் கொடுப்பவருக்கு முன்னுரிமைத் தரிசனம் தந்து, திரட்டிய பணத்தில் சிற்றூர்களிலும் தலித், பழங்குடிக் குடியிருப்புகளிலும் கோவில் கட்ட உதவுகிறது. ஊருக்குள் பணம் இறங்குகிறது என்ற வகையில் மகிழ்ச்சி. என் ஆசை, அதன் பக்கத்தில் ஏரிக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதே. கார்வேட்டிநகரம் மண்டலத்தில் குசஸ்தலை ஆற்றின் கிருஷ்ணாபுரம் அணை நிறைந்து திறந்தால் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டில் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். அந்த நாலு நாள் போனால் மறுபடி வறட்சி. மாமரமும் ஆழ்குழாய்க் கிணறுமாக நிற்கும் இந்த நிலத்தில் தூர்ந்த வரத்துக்கால்வாயைத் திறப்பதைவிடப் பெரிய திருப்போனகம் எனக்குத் தோன்றவில்லை.

காணிக்கையை ஊர்த் தேவைக்குத் திருப்புவதற்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு: 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் ஊர்ப் பொது அறக்கட்டளை என்ற முறையைத் தொடங்கினார். பலர் கொடையை ஒன்றாக வைத்து, முதலைக் காத்து, வரும் வருமானத்தை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு மானியமாகக் கொடுப்பது. எந்த ஊர்த் தேவைக்கு என்பதை ஊர்க்காரர் குழு தீர்மானிப்பது. உலகெங்கும் அதைப் பின்பற்றி ஏராளமான அறக்கட்டளைகள் எழுந்தன. நம் ஸ்தானத்தாரின் ஆவணங்களைப் பார்த்தவருக்கு அதில் பாதி பழகிய காட்சி. நம்மிடம் இல்லாமல் போனது மற்றப் பாதி: இந்த ஆண்டின் தேவை எது என்று ஊரே உட்கார்ந்து சொல்லும் குழு.

மானியம் கிடைத்தால் வாங்கி வேலை செய்ய உள்ளூரில் ஆட்கள் இருக்கிறார்களா என்ற ஐயம் வேண்டாம். முனிரத்தினம் 1981-இல் திருப்பதியில் தொடங்கிய ராஸ் என்ற ராஷ்ட்ரிய சேவா சமிதி, குழந்தைகள் காப்பகம் முதல் உழவர் பயிற்சி வரை பல பணிகளை இந்த வட்டாரக் கிராமங்களில் செய்துவருகிறது. கரகம்பாடியில் வேளாண் அறிவியல் மையமும் நடத்துகிறது. அவருக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படிப்பட்ட அமைப்பு ஒவ்வொன்றும் திட்டத்துக்குத் திட்டம் மானியம் தேடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்தால் பயிற்சி பெற்ற பணியாளரும் போய்விடுகிறார். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும், தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் பணமும் ஆண்டுக்கொரு நிகழ்ச்சியாகக் கரையாமல் முதலாக நிற்கலாம்.

தேவஸ்தானம் நினைத்தால் செய்யக்கூடியது இது: உண்டியல் வைப்புநிதியின் ஆண்டு வட்டியில் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து, கார்வேட்டிநகரம், நாராயணவனம், புத்தூர் மண்டலங்களில் ஒவ்வோர் ஆண்டும் சில ஏரிகளுக்கு ஒதுக்குவது. எந்த ஏரி என்பதை அந்தந்த ஆயக்கட்டு உழவர்களும் ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். வேலையை உள்ளூர்த் தொண்டு அமைப்பு செய்யட்டும். கணக்கு மதகுச் சுவரில், தமிழிலும் தெலுங்கிலும், எவரும் படிக்கும்படி வெட்டப்படட்டும்: வந்த பணம் இவ்வளவு, மண் எடுத்தது இவ்வளவு, இத்தனை ஏக்கருக்குத் தண்ணீர். முதல் ஏரியாகக் கார்வேட்டிநகரம் மண்டலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வரும் கோடையிலேயே, தூர் எடுக்கும் பருவத்தில் தொடங்கலாம்.