கதைசொல்லியின் சிரிப்பு யாருக்குப் போயிற்று?

(சற்று நீண்ட பதிவு. உளவுப் படங்களில் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சத்திற்கு வேறு நான்கு. நகையும் அச்சமும் எண்வகை மெய்ப்பாடுகளுள் தனித்தனியே நிற்பவை. இவ்விரண்டும் ஒரே கணத்தில், ஒரே காட்சியில் எழுமானால் என்னவாகும்? உளவு நாவல்களை எழுதியவர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இந்தச் சிக்கலோடுதான் உறவாடினார்கள். அந்நாவல்கள் திரைக்கு வந்தபோது சிக்கல் இரட்டித்தது. நாவலில் மரணத்தைப் பார்த்து உதட்டோரம் சிரிப்பவர் பெரும்பாலும் கதைசொல்லி. திரையில் கதைசொல்லி இல்லை. அப்படியானால் அந்தச் சிரிப்பை யாரிடம் கொடுப்பது?

சாமர்செட் மாம் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றியவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது 1928இல் வெளிவந்த 'ஆஷெண்டன்'. அதிலுள்ள ஒரு கதையில், கூலிக்கு அமர்த்தப்பட்ட கொலைஞன் வேலையை முடித்துவிடுகிறான். பிறகு சங்கேதத் தந்தி ஒன்று வருகிறது. அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கும்போதுதான் இறந்தவர் வேறொருவர் என்று தெரிகிறது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மாம் ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசவில்லை.

ஹிட்ச்காக் 1936இல் இதை 'சீக்ரெட் ஏஜென்ட்' என்ற படமாக்கியபோது, அந்நூலின் இன்னொரு கதையிலிருந்து நாயோடு திரியும் ஒரு மனிதரை எடுத்து இதனோடு பிணைத்தார். அந்தக் கதையில் அவர் உண்மையான துரோகி. படத்தில் அவரே தவறாகக் கொல்லப்படும் அப்பாவி. மலையுச்சியில் அவர் மடியும் நேரத்தில், எங்கோ ஓர் அறையில் அவருடைய நாய் ஊளையிடுகிறது. பிறகு தந்தி வந்ததும் கொலைஞனாக நடித்த பீட்டர் லோர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நாயகனும் நாயகியும் உறைந்து நிற்கிறார்கள். மாம் மௌனத்தில் வைத்த சிரிப்பை ஹிட்ச்காக் கொலைஞனின் வாயில் வைத்தார். பார்வையாளர் அவனோடு சேர்ந்து சிரிக்கவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது.

கிரஹாம் கிரீன் வேறு வழி கண்டார். 1958இல் வெளியான 'அவர் மேன் இன் ஹவானா' நாவலுக்கு மறு ஆண்டே அவரே திரைக்கதை எழுதினார்; இயக்கியவர் கேரல் ரீட். தூசு உறிஞ்சும் கருவி விற்கும் ஒருவர், அக்கருவியின் பாகங்களை வரைந்து இரகசிய ஆயுதத் தளம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். இல்லாத உளவாளிகளுக்குச் சம்பளமும் வாங்குகிறார். வேடிக்கை அத்துடன் நின்றிருந்தால் இது வெறும் கேலிக்கதை. ஆனால் அவர் கற்பனை செய்த மனிதர்களின் பெயரைத் தாங்கியவர்கள் உண்மையாகவே சாகத் தொடங்குகிறார்கள். விருந்து ஒன்றில் அவருக்கு நஞ்சு கலந்த மது தரப்படுகிறது. அது தரையில் சிந்த, ஒரு நாய் அதை நக்கிச் சாகிறது. (மறுபடியும் நாய்! உளவுக் கதைகளில் நாய்களின் ஊழ்வினை குறித்துத் தனியே ஒரு பதிவு எழுதலாம்.) கிரீனும் உளவுத்துறையில் இருந்தவர் என்பதால், இந்தக் கேலி வெளியாளின் கேலி அன்று.

இவ்விருவரின் சிரிப்பிலும் ஓர் ஒப்புதல் உண்டு: அரசு தவறான ஆளைக் கொல்லக்கூடும், கோப்பில் உள்ளது பொய்யாக இருக்கக்கூடும்.

ஜேம்ஸ் பாண்டில் நடந்தது நேர்மாறு. இயன் ஃபிளெமிங்கின் 'கோல்ட்ஃபிங்கர்' நாவல் (1959) தொடங்கும்போது பாண்ட் விமான நிலையத்தில் அமர்ந்து, தான் மெக்சிகோவில் கொன்ற ஒருவனை நினைத்துச் சோர்ந்திருக்கிறான். 1964இல் வந்த படத்தில் அதே கொலை குளியல் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி நிகழ்கிறது. முடிந்ததும் ஷான் கானரி 'அதிர்ச்சி' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு சிலேடை சொல்லிவிட்டு வெளியேறுகிறார். நாவலில் குற்றவுணர்வு இருந்த இடத்தில் படத்தில் சிலேடை வந்து அமர்ந்தது. தென்னிந்தியாவை அடைந்தது ஃபிளெமிங்கின் பாண்ட் அல்லன், கானரியின் பாண்ட்தான்.

நான் ஆய்வு நிமித்தம் தங்கியிருக்கும் சாமராஜநகரிலிருந்து எல்லையைத் தாண்டினால் தாளவாடி. அதன் அருகே தொட்டகாஜனூர், கன்னட நடிகர் ராஜ்குமாரின் ஊர். (2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றதால் தமிழர்கள் பலரும் இவ்வூர்ப் பெயரை அறிவர்.) 1968இல் துரை–பகவான் இரட்டையர் இயக்கிய 'ஜேடர பலெ' படத்தில் அவர் சி.ஐ.டி. 999 ஆனார். அதே ஆண்டில் கோவாவுக்குப் போனார், மறு ஆண்டு ஜாக்பாட், 1978இல் வைரக் கொள்ளை என அவ்வரிசை நீண்டது. துப்பாக்கி, அழகிகள், இரகசியக் குகை எல்லாம் பாண்டிடமிருந்து வந்தன. கொன்றபின் சொல்லும் சிலேடை மட்டும் வரவில்லை.

சிலேடை மொழிக்குள் பிறப்பது. எல்லை கடந்தால் உயிர்விடும். இது என் துறை சார்ந்த எளிய விடை. ஆனால் புதுச் சிலேடை செய்யக் கன்னடத்திலோ தமிழிலோ பஞ்சமில்லை. உண்மைக் காரணம் நாயகப் படிமம் என்றே கருதுகிறேன். ராஜ்குமார் பிணத்தின் அருகே நின்று சிரிக்க முடியாது. 1968இலேயே பந்துலு இயக்கிய 'ரகசிய போலீஸ் 115' படத்து எம்.ஜி.ஆராலும் முடியாது. ஆகவே சிரிப்பு நரசிம்மராஜுவிடமும் நாகேஷிடமும் ஒப்படைக்கப்பட்டது. அச்சம் ஒரு காட்சியில், நகை அடுத்த காட்சியில். மெய்ப்பாட்டியலின் வரிசை மீண்டும் ஒழுங்காகிவிட்டது. கூடவே அந்த ஒப்புதலும் காணாமற்போயிற்று: இப்படங்களில் அரசின் தோட்டா தவறான ஆள்மீது பாய்வதே இல்லை.

இந்த ஒழுங்கை உடைக்கப் பார்த்த தமிழ்ப்படம் 1986இன் 'விக்ரம்'. சுஜாதாவின் கதை, குமுதத்தில் தொடராக வந்துகொண்டிருந்த வேளையிலேயே ராஜசேகர் இயக்கத்தில் படமாகிக்கொண்டிருந்தது. நாவலுக்குப் பின் படம் என்ற வழக்கமான வரிசை இங்கே இல்லை, இரண்டும் உடன்பிறப்புகள். சுஜாதாவின் உரைநடையில் கொலையும் காபியும் ஒரே தொனியில் சொல்லப்படும். அந்த வறண்ட தொனிதான் அவருடைய கறுப்பு நகைச்சுவை. படத்தில் அது மூன்றாகப் பிளந்தது. எள்ளல் முழுவதும் சத்யராஜின் சுகிர்தராஜாவுக்குச் சென்றது. கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்த விக்ரமுக்குக் கசப்பு மட்டும் மிஞ்சியது. மூன்றாம் பங்கு ஜனகராஜுக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாம் பங்குதான். சலாமியா என்ற கற்பனை நாடு, அதற்கென இட்டுக்கட்டிய ஒரு மொழி, அரசராக அம்ஜத் கான், நடுவில் மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ். ஒரு சொல் பிசகினாலும் தலை போகக்கூடிய சபை அது. சிரிப்பு எழுவதும் அந்தச் சபையில்தான். இங்கே நகைச்சுவை நடிகர் தனித்தடத்தில் ஓடவில்லை. ஆபத்து நிகழும் அறைக்குள்ளேயே நிற்கிறார். இரு மொழிக்கு நடுவே நிற்பவன் இரு பக்கத்துக்கும் பொறுப்பாகிறான் என்பதை எல்லைப்புற ஊர்களில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரன். அதை எழுதியவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். அரசின் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் ஓட்டை இருப்பதாகக் கதை கட்டியவர், தாம் சம்பளம் வாங்கும் உலகத்தையே எள்ளினார். மாமும் கிரீனும் செய்தது இதைத்தான். மூன்றாண்டு கழித்து, 1989 மே மாதம், இந்தியா உண்மையான அக்னியைச் சோதித்தது.

2022இல் லோகேஷ் கனகராஜ் அந்தப் பெயரை மீட்டெடுத்தார். நாவல் வழி வந்த படம் அன்று என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. ஆயினும் வீட்டு வேலைக்காரப் பெண்மணி திடீரென ஏஜென்ட் டீனாவாக மாறும் கணத்தில் அரங்கம் சிரித்ததா, அஞ்சியதா என்று பார்த்தவர்கள் சொல்லலாம்.

'விக்ரம்' தொடராக வந்த நாள்களின் குமுதம் இதழ்களை யாரேனும் பாதுகாத்து வைத்திருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். நூல் வடிவத்தையும் தொடர் வடிவத்தையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டியிருக்கிறது.