அளவுச் சட்டை

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. சாதி பற்றிய தன் நூலில் ஜே.எச். ஹட்டன் இதையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்.

எட்டில் மூன்று துணியைப் பற்றியவை. எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் இந்தப் பட்டியலை முதன்முதலாகப் படித்தேன். கோபத்தைவிட ஒரு கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது. யாரும் போடாத சட்டைக்கு எவனும் தடை போட மாட்டான். அப்படியென்றால் 1930க்கு முன்பே நம் சேரிகளில் சட்டையும் ரவிக்கையும் இருந்திருக்கின்றன. அவற்றைத் தைத்தது யார்?

ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் கேட்டேன். "யாரு தப்பா? நாமதேன். ஊரு டெய்லரு நம்ம மேல டேப்பு வப்பானாக்கும்?" என்றது.

அதன் பிறகு அது சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். டெய்லர் கடைக்குள்ளே நம்ம சனம் ஏற முடியாது. துணியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர் எட்டத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்து, "அளவுச் சட்டை இருந்தா வச்சுட்டுப் போ" என்பார். அளவுச் சட்டை கேட்பது எந்த டெய்லரும் செய்வதுதான். ஆனால் பிறந்ததிலிருந்து சட்டையே போடாத பையனுக்கு அளவுச் சட்டைக்கு எங்கே போவது? ஆகவே எங்கள் தெருவில் முதல் சட்டை எப்போதும் வீட்டில்தான் தைக்கப்பட்டது. அப்பத்தா சாணும் விரற்கடையும் வைத்து அளந்து, பழைய வேட்டியைக் கிழித்து, கையூசியால் தைத்திருக்கிறது. தோள் ஒரு பக்கம் தொங்குமாம். காஜா எடுக்கத் தெரியாமல் பொத்தானுக்குப் பதிலாக நாடா. அப்பாவின் முதல் சட்டை அது. பிறகு அந்தச் சட்டையைத்தான் டெய்லர் திண்ணையில் அளவுக்கு வைத்தார்கள். அவரும் தொங்கலையும் சேர்த்து அப்படியே தைத்துக் கொடுத்தார். எங்கள் தெருப் பையன்கள் பலகாலம் ஒரு தோள் இறங்கிய சட்டையோடு திரிந்த கதை இதுதான். அப்பத்தா இதைச் சொல்லிச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொன்னது. அப்பத்தாவின் ஆத்தா, கண்டிக்குப் போய்வந்த தம்பி கொண்டுவந்த துண்டுத் துணியில் ஒரு ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். தெருவுக்குள் போட்டுக்கொள்வாள். ஊரணிக்கரை வந்ததும் கழற்றிவிடுவாள். கழற்றியதை எங்கே வைப்பது? அதற்காகவே பெரிதாக ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் செருகியிருந்தாளாம். பார்க்கிறவர்களுக்கு வெற்றிலைப் பை. உள்ளே ரவிக்கை. தமிழில் சுருக்குப்பையைப் பற்றி எழுதியவர்கள் பாக்கு, சுண்ணாம்பு, சில்லறை என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பைக்குள் எங்கள் பூட்டியின் மானம் மடித்து வைக்கப்பட்டிருந்ததை யார் எழுதுவது?

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி இடுப்புத் துணிக்கு மாறியதைப் பாடப்புத்தகத்தில் படித்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஏழைகளைப் போல உடுத்தினார் என்று அதற்கு விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து மதுரைக்குப் பக்கத்துச் சீமையிலேயே சட்டை போட்டதற்காகக் குடிசைகள் எரிந்தன. கழற்றுவது ஒருவருக்குத் தியாகம். போடுவது இன்னொருவருக்குக் குற்றம். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்து நமக்கு யாரும் நடத்தவில்லை. அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசியபோது, கண்டதும் தீண்டத்தகாதவர் என்று அடையாளம் தெரிகிற மாதிரி உடுத்துவதை விடுங்கள், மேல்சாதிப் பெண்களைப் போலச் சேலை கட்டுங்கள் என்று சொன்னார். அவர் கோட்டு சூட்டு போட்டதைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு இராமநாதபுரத்துப் பட்டியலைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் 1859 அரசாணையில் போய் முடிந்தது. புலையர் பெண்கள் சாதி அடையாளமான கல்மாலையை அறுத்தெறிய 1915இல் பெரிநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அய்யன்காளி முன்னால் நின்றார். இவை ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. ராத்திரி சிம்னி விளக்கடியில் ஊசி கோத்தவர்களைப் பற்றித்தான் எழுத்து இல்லை.

அம்மா காலத்தில் மிஷின் வந்தது. அப்பா இறந்து மூன்றாம் வருஷம், சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவசத் தையல் மிஷினுக்கு மனுப்போட்டாள். தாழ்த்தப்பட்டவர்களுக்காக 1974இல் தனிக்கட்சியே தொடங்கிய அந்த அம்மாளின் பெயர் மிஷின் திட்டத்தில் நிலைத்துவிட்டது. அது பெருமையா குறையா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. மனுவோடு ஓர் அலுவலகத்துக்கு அம்மா நாலு தடவை அலைந்தாள். நாலாவது தடவை, "மிஷின வாங்கி வித்துப்புடுவீக" என்று ஒருவர் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. வீட்டில் தைத்த பையிலிருந்து, வீட்டில் தைத்த என் பாவாடையை எடுத்து மேஜைமேல் விரித்துக் காட்டினாளாம். கையால் போட்ட தையல், பிசிறில்லாமல்.

அந்த மிஷினில் என்னவெல்லாம் தைக்கவில்லை! தீபாவளிக்கு வீடு முழுக்க ஒரே துணியில் சட்டை, கவுன், ரவிக்கை. மிச்சத்தில் தலையணை உறை. யூரியா சாக்கைக் கழுவிக் காயவைத்துப் புத்தகப்பை. அந்தச் சாக்கில் எழுத்து லேசில் போகாது. உர மூட்டைப் பெயர் முதுகில் தெரிய நான் ஆறாவது வரைக்கும் போனேன். பள்ளியில் அந்தப் பைக்கும் ஒரு சாதி இருந்தது. எழுத்து உள்பக்கம் போகிற மாதிரித் திருப்பித் தைக்கச் சொல்லி அழுதேன். அம்மா திருப்பித் தைத்தாள். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று துணிப்பையைக் கொண்டாடத் தொடங்கியபோது அம்மாவிடம் சொன்னேன். "நாம எப்படி விட்டோம், மீண்டும்ங்க?" என்று கேட்டாள்.

பிறகு தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து பள்ளிச் சீருடைக்கு வெட்டிய துணி வாங்கிவந்து தைத்தாள். கட்டுக் கட்டாக வரும். எந்தப் பிள்ளையையும் பார்த்ததில்லை, அளந்ததில்லை. தைத்துக் கொடுத்தால் உருப்படிக்குக் கூலி. அளவு சரியில்லை என்று ஊரெல்லாம் பேசுவார்கள். அந்தப் பேச்சு அம்மாவை உறுத்தியிருக்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்ததும் சாயங்காலம் வரச் சொல்லுவாள். ஒவ்வொரு பிள்ளையையும் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பு வைத்து, தையல் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அந்த ஊர் டெய்லரின் பேத்தி ரவிக்கைத் துணியோடு எங்கள் வாசலில் நின்றாள். கல்யாணமாம், ஆரி வேலை வேண்டுமாம். அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்திருந்தாள். அம்மா அதை வாங்காமல், "உள்ள வா தாயி" என்று சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். அந்தப் பெண் நிலைப்படியில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.